உண்ணிக் கடி: கொடுங்கையூரில் பட்டுத் தெரிந்துகொண்டவை

நாங்கள் இருப்பது வடசென்னையில், கொடுங்கையூரில். போன கார்த்திகையில் என் மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் விடவில்லை. இரண்டு கிளினிக் ஏறி இறங்கினோம். டெங்குவுக்கு இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள், டைபாய்டுக்கு ஒரு தடவை. ஆட்டோ, இளநீர், மாத்திரை எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கம் கரைந்தது. கடைசியில் விடை அவர் இடுப்பிலேயே இருந்தது. பாவாடை நாடா முடிச்சு விழும் இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ் என்றார்கள். செய்தித்தாள்காரர்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான்.

அதே சமயம் எங்கள் நாய்க்கும் உண்ணி. எனவே பழி முழுக்க நாய் மேல் விழுந்தது. போதாக்குறைக்கு, நியூ ஜெர்சியில் இருக்கும் என் கொழுந்தனார் போன் போட்டு, "அம்மாவுக்கு லைம் நோயா இருக்கப் போகுது, அதுக்கும் டெஸ்ட் எடுங்க அண்ணி" என்று கிளப்பிவிட்டார். அமெரிக்காவில் உண்ணி கடித்து வரும் நோய் அது. அவருக்கு இரண்டு வருஷம் முன்பு அங்கே வந்திருந்தது. மாமியார் வருகிற மே மாதம் அவர் வீட்டுக்குக் கிளம்புகிறார். ஆக நான் இரண்டு ஊர் உண்ணியைப் பற்றியும் படிக்க வேண்டியதாகிவிட்டது.

நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போவதற்கு முன்னும் பின்னும் நாம் செய்ய வேண்டிய வேலைதான் கீழே இருப்பது.

1. எது கடித்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் எல்லாவற்றுக்கும் உண்ணி என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நாய் உண்ணி கண்ணுக்குத் தெரியும். பசித்திருக்கும்போது தட்டையாக, பழுப்பாக இருக்கும். ரத்தம் குடித்து உப்பினால் ஆமணக்குக் கொட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் பளபளக்கும். இதற்கு முதலில் பிடித்தது நாய்தான். மனிதரைக் கடிப்பது அபூர்வம், ஆனால் கடிக்கும். கடித்தால் டிக் டைபஸ் என்ற காய்ச்சல் வரலாம்.

ஸ்க்ரப் டைபஸைக் கொண்டுவருவது வேறு பூச்சி. புதர், புல், குப்பை மண்டிய இடத்தில் எலி, பெருச்சாளியை அண்டி வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. கடிக்கும்போது தெரியாது, தேடினாலும் கண்ணில் படாது. இதை நாய் கொண்டுவருவதில்லை.

லைம் நோயைப் பரப்புவது கறுப்புக்கால் உண்ணி. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும், விஸ்கான்சின், மினசோட்டா பக்கமும் அதிகம். ஐரோப்பாவில் அதன் பங்காளி ஒன்று உண்டு. நம் தெருநாய் மேல் ஊரும் உண்ணிக்கும் லைமுக்கும் சம்பந்தம் இல்லை. வெளிநாடே போகாத ஒருவர் கொடுங்கையூரில் உட்கார்ந்துகொண்டு லைம் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இதைப் பிரிக்காததால் நாங்கள் செய்த கூத்து: நாயை ஒரு வாரம் மொட்டை மாடியில் கட்டிப்போட்டோம். பின்பக்கத்துக் காலி மனையில் மாமியார் தினமும் தூதுவளை பறித்ததை யாரும் யோசிக்கவே இல்லை.

2. தினமும் உடம்பைத் தேடிப் பாருங்கள்

காசு செலவில்லாத பரிசோதனை இது ஒன்றுதான். ஐந்து நிமிஷம் போதும். காலி மனை, கால்வாய் ஓரம், ரயில்வே நிலம், ஏரிக்கரை என்று புதர்ப் பக்கம் போய் வந்த நாளில் கட்டாயம் பாருங்கள். வந்ததும் போட்டிருந்த துணியைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்க வேண்டும். அப்புறம் தேடல்.

தேட வேண்டிய இடங்கள்: தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், அக்குள், மார்புக்கு அடியில், தொப்புள், இடுப்பைச் சுற்றி, தொடை இடுக்கு, முழங்காலின் பின்மடிப்பு. உடம்பில் எங்கெல்லாம் மடிப்பும் ஈரமும் துணியின் இறுக்கமும் இருக்கிறதோ, பூச்சி அங்கேதான் நிற்கும். நம் ஊர் உடைக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. பெண்களுக்குப் பாவாடை நாடா, ஆண்களுக்கு லுங்கி முடிச்சும் அரைஞாண் கயிறும், குழந்தைகளுக்கு ஜட்டி எலாஸ்டிக்.

ஸ்க்ரப் டைபஸின் அடையாளம் அந்தக் கறுப்புப் பொருக்குதான். பீடி நெருப்புப் பட்டு ஆறியது போல நடுவில் கருகி, சுற்றிலும் லேசாகச் சிவந்து இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. பக்கத்தில் நெறி கட்டியிருக்கலாம். எல்லாருக்கும் பொருக்கு வருமென்றும் இல்லை, ஆகவே காணோம் என்பதற்காக நோய் இல்லையென்று முடிவுகட்டக் கூடாது.

எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடக்கும். ஒன்பதாம் நாள் அரசு மருத்துவமனையில் ஒரு பயிற்சி மருத்துவர், சின்னப் பெண், "உடம்புல எங்கேயாவது கறுப்பா பொருக்கு இருக்கா பாட்டி?" என்று கேட்டார். மாமியார் தலையாட்டி இல்லை என்றார். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், "அத்தை, நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றேன். "அது நாடா அறுத்த புண்ணும்மா, பத்து நாளா இருக்கு" என்றார். அந்தப் பத்து நாளில் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறார். ஆண் டாக்டரிடம் இடுப்பைக் காட்டக் கூச்சம். எங்களிடம் சொல்லவும் அதில் ஒன்றும் இல்லை என்று எண்ணம்.

எனவே பெரியவர்களிடம் "ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்காதீர்கள். இல்லையென்றுதான் பதில் வரும். உடம்பு துடைத்துவிடும்போது நீங்களே பாருங்கள்.

3. உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தால் எடுக்கும் முறை

கண்ணுக்குத் தெரிகிற உண்ணிக்கு மட்டும் இது. கூர்முனை ட்வீசர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மருத்துவமனை வாசல்களில் இருக்கும் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும், நான் 80 ரூபாய்க்கு வாங்கினேன்.

உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டித் தலைப்பக்கம் பிடியுங்கள். நேராக, ஒரே சீராக மேலே இழுங்கள். திருகக் கூடாது, வெடுக்கென்று பிடுங்கவும் கூடாது. வாய்ப்பகுதி ஒடிந்து தோலில் நின்றால் ட்வீசரால் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் ஊசியால் நோண்டாமல் விட்டுவிடுங்கள், தோல் தானே தள்ளிவிடும். பிறகு சோப்புத் தண்ணீரால் இடத்தையும் கையையும் கழுவ வேண்டும்.

செய்யவே கூடாதவை நம் வீடுகளில்தான் அதிகம் நடக்கின்றன. தீக்குச்சி, ஊதுபத்தி வைப்பது. மண்ணெண்ணெய், வாசலின், நகப்பூச்சு தடவுவது. அது தானாக விடும் என்று காத்திருக்கிற நேரமெல்லாம் அது நம் ரத்தத்தில்தான் இருக்கிறது. அப்புறம் நகத்தால் நசுக்குவது. நாய் உண்ணியைத் தரையில் போட்டு நசுக்கி ரத்தம் தெறிப்பதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு குஷி. நிறுத்துங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் டெட்டாலோ ஸ்பிரிட்டோ ஊற்றி அதில் போட்டு மூடினால் போதும்.

எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துவிடுங்கள்.

4. காய்ச்சல் வந்தால்: எந்த நாளில் எங்கே

சிற்றுண்ணி கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். கடும் தலைவலி, உடம்பு வலி, கண் சிவப்பு, சிலருக்கு வாந்தி, இருமல். மழைக்காலமும் அதற்குப் பிறகான குளிர் மாதங்களும்தான் இதற்கு உச்சம். நம் ஊரில் டெங்குவும் அதே நேரத்தில் வந்து நிற்கும். அதைவிட மோசம், ஸ்க்ரப் டைபஸிலும் பிளேட்லெட் இறங்கும். எங்களுக்கு எண்ணிக்கை இறங்கியதைப் பார்த்து டெங்குதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். இரண்டாவது தடவையும் டெங்கு இல்லையென்று வந்தபோதாவது நாங்கள் கேட்டிருக்க வேண்டும், அப்படியானால் வேறென்ன என்று.

முதல் நாளே டாக்டரிடம் மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள். கடந்த மூன்று வாரத்தில் புதர், புல், காலி மனைப் பக்கம் போனாரா. வீட்டில் எலித் தொல்லையோ நாய் உண்ணியோ உண்டா. உடம்பைத் தேடினீர்களா, என்ன இருந்தது. பொருக்கு இருந்தால் போனில் படமும் எடுத்து வையுங்கள், ஆனால் நேரிலும் காட்டியே தீர வேண்டும்.

மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நிற்கவில்லையென்றால் "ஸ்க்ரப் டைபஸ் இருக்குமா டாக்டர்?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இதற்கான ரத்தப் பரிசோதனை ஐஜிஎம் எலைசா. காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளுக்கு முன்னால் எடுத்தால் நோய் இருந்தும் இல்லையென்று வரக்கூடும். தனியார் ஆய்வகத்தில் நாங்கள் கொடுத்தது 1,200 ரூபாய். அந்த ரசீதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, ஏனென்றால் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் எடுத்திருக்கலாம். அதுவும் முடிவு வருவதற்கு முன்பே, பொருக்கைப் பார்த்த அன்றைக்கே டாக்டர் மாத்திரையைத் தொடங்கிவிட்டார். அதுதான் சரியான முறையும்கூட. முடிவுக்காகக் காத்திருந்து நாளைக் கடத்தக் கூடாது.

மருந்து டாக்ஸிசைக்ளின். ஒரு அட்டை நூறு ரூபாய்க்குள்தான். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் எரியும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரை, வாயுத் தொல்லைக்குக் குடிக்கும் ஜெல் இவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாமியாருக்கு இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. விட்டதும், "எதுக்கும்மா இன்னும் மாத்திரை?" என்று ஆரம்பித்தார். ஏழு நாளும் முழுதாகப் போட வைத்தோம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

எங்கே போவது? முதல் மூன்று நாள் என்றால் பக்கத்திலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். அதற்குமேல் என்றால் வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புறநோயாளிப் பிரிவு காலையில்தான், ஏழரைக்கே வரிசையில் நின்றால் பத்து மணிக்குள் டாக்டரைப் பார்க்கலாம். மூச்சு வாங்குதல், பேச்சில் தடுமாற்றம், விடாத தூக்கம், மூத்திரம் குறைதல், கண் மஞ்சளாதல், வலிப்பு இதில் ஒன்று இருந்தாலும் நேரம் காலம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108 கூப்பிடுங்கள். நாள் தள்ளினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரைக்கும் போகிற நோய் இது.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: ஆதார், இதுவரை எடுத்த எல்லா ரத்தப் பரிசோதனைத் தாள்களும், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் அட்டைகள், எந்த நாள் எவ்வளவு காய்ச்சல் என்று எழுதிவைத்த தாள். முதல் கிளினிக்கில் கொடுத்த ரிப்போர்ட்டை நாங்கள் தொலைத்துவிட்டோம், அதனால்தான் அதே பரிசோதனைக்கு இரண்டு தடவை பணம் கட்டினோம்.

படுக்கையில் சேர்க்க நேர்ந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதாரோடு ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். வருமானச் சான்று வாங்க ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும், ஆகவே நன்றாக இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

5. நாய்க்குச் செய்ய வேண்டியது

ஸ்க்ரப் டைபஸில் நாய் நிரபராதி என்றாலும் அதன் உண்ணியைச் சும்மா விட முடியாது. முதல் பாதிப்பு நாய்க்கே. சாப்பிடாமல் சுருண்டு படுத்தல், ஈறு வெளுத்தல், மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் மூத்திரம் என்றால் உண்ணியால் வரும் ரத்தநோயாக இருக்கலாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் நாங்கள் போனோம். தனியார் கிளினிக்கோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம், ஆனால் காலை நேரம் முழுதாகப் போய்விடும். தடுப்பூசிப் புத்தகம், சங்கிலி, வாய்க்கட்டு மூன்றும் அவசியம். நாயை ஏற்றும் ஆட்டோவைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். சீட்டில் விரிக்கப் பழைய போர்வை ஒன்று கொண்டுபோங்கள், பாதிப் பேரம் அதில் முடிந்துவிடும்.

உண்ணிக்கு இப்போது வாயில் கொடுக்கும் மாத்திரை வந்துவிட்டது. சிலது ஒரு மாதம் தாங்கும், சிலது மூன்று மாதம். எடைக்கு ஏற்ற அளவு, எனவே முதலில் எடை போடுங்கள். 18 கிலோ நாய்க்கு மாதம் எழுநூற்றுச் சொச்சம் எங்களுக்கு ஆகிறது. அது கட்டாது என்றால் கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ பட்டையோ கேளுங்கள்.

இனி, ஏமாந்துபோகும் இடங்கள். மாட்டுத்தீவனக் கடையில் மாட்டு உண்ணிக்கு ஒரு மருந்து விற்கிறார்கள், தண்ணீரில் கலந்து அடிப்பது. "ரெண்டு மூடி ஊத்திக் குளிப்பாட்டுங்க, சுத்தமா போயிடும்" என்று ஒருவர் சொல்ல, என் கணவர் செய்தார். அரை மணி நேரத்தில் நாய் எச்சில் ஒழுக நடுங்க ஆரம்பித்துவிட்டது. நக்கிவிட்டிருக்கிறது. அந்த ராத்திரி எப்படிக் கழிந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். அளவு தெரியாமல் அந்த வேலையே வேண்டாம். மண்ணெண்ணெய், டர்பன்டைன் தேய்ப்பதும் அப்படியே. வேப்பெண்ணெய் கெடுதல் செய்யாவிட்டாலும் அதை மட்டும் நம்பி உண்ணி ஒழிந்ததாக நான் பார்த்ததில்லை. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து அதன் மேல் படவே கூடாது, பூனைக்கு அது விஷம்.

போனதோடு போனதாக நாய்க்கு மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, உங்கள் படம், நாயின் படம் போதும். கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய். நாய்க்கு மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள், புளியந்தோப்பு மாநகராட்சி மையத்தில் விசாரியுங்கள்.

6. வீட்டுக்குள் புகுந்த உண்ணி

நாயைச் சுத்தம் செய்தோம், வேலை முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து சுவரில் மறுபடியும் இரண்டு ஊர்ந்தன. காலண்டரைக் கழற்றினேன். ஆணி அடித்த பொந்தில், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், கடுகு சிந்தினாற்போல ஒரு கூட்டம். நாய் உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவரேறி, விரிசல் தேடித்தான் முட்டையிடும். ஒரு தாய் ஆயிரக்கணக்கில் இடும். நாயின் மேல் இருப்பதைவிடச் சுவரில் இருப்பது அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. நாய்க்கு மருந்து கொடுத்த அதே நாளில் வீட்டையும் தொட வேண்டும். நாயின் சாக்கு, விரிப்பைக் கொதிநீரில் போடுங்கள், கந்தலானதைத் தூக்கி எறியுங்கள். கட்டில் மூட்டு, கதவு நிலை, சுவிட்ச் போர்டு ஓரம், சாமி படம், காலண்டர்களின் பின்பக்கம் எல்லாவற்றையும் பெருக்கித் துடைத்து, விரிசல்களை வெள்ளை சிமெண்ட் வைத்து அடையுங்கள். பிறகு பூச்சிமருந்துக்காரரைக் கூப்பிடுங்கள். ஒரு தடவை அடித்தால் முட்டை தப்பிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து, குஞ்சு பொரித்த பிறகு, மறுபடி அடிக்க வேண்டும். பேரம் பேசும்போதே இரண்டு தடவைக்குச் சேர்த்துப் பேசுங்கள். எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு 1,800 ரூபாய் ஆனது. அடித்த அன்று குழந்தை, நாய், மீன்தொட்டி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் முன்னால் குடியிருந்தவர்கள் நாய் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். இந்தப் பூச்சி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பு மருந்தடித்துக் கொடுக்கச் சொன்னால் வீட்டுக்காரர் சம்மதிப்பார், கொடுத்த பிறகு அது உங்கள் தலைவலி.

7. காலி மனையும் துணிக்கொடியும்

கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம், பக்கிங்காம் கால்வாய்க் கரை, கொருக்குப்பேட்டை ரயில்வே நிலம், புழல் ஏரிப் பக்கம், நம் தெருவில் வழக்கில் கிடக்கும் மனை. புல்லும் குப்பையும் பெருச்சாளியும் சேர்ந்த இடமெல்லாம் ஒன்றுதான். புதருக்குள் போன பந்தை எடுக்கப் பிள்ளைகள் வெறுங்காலோடு நுழைவதைத் தடுக்க முடியாது, வந்ததும் குளிக்க வைக்கலாம். புல் தரையில் உட்காருவது, படுப்பது வேண்டாம். புதர் மேலும் புல் மேலும் துணி உலர்த்துவதை முதலில் நிறுத்துங்கள். கொடி கட்ட இடமில்லாத வீடுகளில் சகஜமாக நடப்பது இது. துணியில் ஏறிய பூச்சி நேரே உடம்புக்கு வரும்.

மனையைச் சுத்தம் செய்யச் சொல்லி மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்றாவது புகாருக்குத்தான் ஆள் வந்தது. நாமே வெட்டுவதென்றால் முழுக்கால் சட்டை, காலுறை, பூட்ஸ் போட்டு வெட்டி, வெட்டியதை அங்கேயே குவிக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். சோற்றுப் பருக்கையும் மீன் கழிவும் அங்கே கொட்டும்வரை பெருச்சாளி போகாது.

8. அமெரிக்கா போகும் பெற்றோருக்கு

நியூ ஜெர்சி, கனெக்டிகட், பென்சில்வேனியா, நியூயார்க், மாசசூசெட்ஸ் என்றால் இதைப் படியுங்கள். கலிபோர்னியாவில் குறைவு. நம் பெற்றோர் போவது மே முதல் அக்டோபர் வரை. லைம் பரப்பும் இளம் உண்ணியின் உச்சம் மே, ஜூன், ஜூலை. பருவம் பார்த்துத்தான் போகிறோம், பூச்சிக்கு.

இளம் உண்ணி கசகசா அளவு. வளர்ந்தது எள் அளவு. காட்டுக்குப் போனால்தான் கடிக்கும் என்று எண்ண வேண்டாம். கொல்லைப்புறத்தில் மான் வந்து போகிற ஊர்கள் அவை. சருகுக் குவியல், உயரப் புல், வேலியோரம் எல்லாம் அதன் இடம். என் கொழுந்தனாருக்குச் சருகு வாரும்போதுதான் ஏறியிருக்கிறது. மாமியாரோ நைட்டியும் செருப்புமாகக் கீரைப்பாத்தி போடும் ஆள். அவருக்காகக் கணுக்கால் இறுகிய வெளிர்நிறப் பேண்ட் இரண்டும் நீளக் காலுறை நான்கு ஜோடியும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எடுத்துவிட்டேன். வெளிர்நிறத்தில்தான் பூச்சி ஊர்வது தெரியும். பேண்ட் நுனியைக் காலுறைக்குள் செருகச் சொன்னதற்கு, "போலீஸ்காரன் மாதிரியா?" என்கிறார்.

மருந்து இரண்டு, இரண்டையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தோலுக்கு, டீட் என்ற பூச்சிவிரட்டி 20 முதல் 30 சதவீதம் உள்ள பூச்சுமருந்து. துணிக்கும் ஷூவுக்கும் 0.5 சதவீதம் பெர்மெத்ரின், முந்தின நாளே அடித்துக் காயவைக்க வேண்டும், தோலில் பூசக் கூடாது. வெளியே போய் வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளியல், உடம்புத் தேடல். துணியைத் துவைப்பதற்கு முன்பே டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிஷம் ஓட்டினால் உண்ணி செத்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் சாகாது.

ஒட்டியிருந்தால் மூன்றாம் படியில் சொன்னபடி எடுத்து, ஜிப் உறையில் போட்டு, எடுத்த தேதியும் கடித்த இடமும் எழுதி வையுங்கள். லைம் கிருமி இறங்கப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும், எனவே அன்றன்றைக்கே எடுத்தவர்கள் பதற வேண்டியதில்லை. நெடுநேரம் இருந்தது, உப்பியிருக்கிறது என்று தெரிந்தால் எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். தகுந்தவர்களுக்கு ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் கொடுத்து நோய் வராமல் தடுக்க அங்கே வழி உண்டு. வெள்ளிக்கிழமை கடித்தால் திங்கட்கிழமை வரை பொறுக்காமல், முன்பதிவு இல்லாமலே பார்க்கும் அர்ஜென்ட் கேர் என்ற கிளினிக்குக்குப் போகலாம். காப்பீடு இல்லாமல் போனால் 150 முதல் 250 டாலர் வரை ஆகும் என்று கொழுந்தனார் சொன்னார்.

எனவே பயணக் காப்பீட்டை இங்கிருந்து கிளம்புமுன் எடுங்கள். எடுக்கும்போது கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: மருத்துவமனையில் சேராமல் டாக்டரைப் பார்க்கும் செலவு அடங்குமா, முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும். மலிவான திட்டங்களில் இந்த இரண்டும்தான் காலை வாரும்.

கடித்து 3 முதல் 30 நாளுக்குள் பலருக்குத் தடிப்பு வரும். நாளுக்கு நாள் விரியும், பெரும்பாலும் வலியோ அரிப்போ இருக்காது. இணையத்தில் காட்டுவதெல்லாம் வெள்ளைத் தோலில் சிவந்த வளையம். நம் தோலில் அது பழுப்பாக, கன்றிப்போனது போலத் தெரியும், வளையமே இல்லாமலும் இருக்கும். கொழுந்தனார் படர்தாமரை என்று நினைத்து இரண்டு வாரம் களிம்பு தடவினார். தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, தினமும் ஒரு படம் எடுத்தால் விரிகிறதா என்று தெரிந்துவிடும். முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை இல்லையென்று காட்டக்கூடும், தடிப்பைப் பார்த்தே மருந்து தொடங்குவார்கள். பத்துப் பதினான்கு நாள் மருந்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஊர் திரும்பிய பிறகும் கவனம் வேண்டும். விட்டுவிட்டால் வாரங்கள், மாதங்கள் கழித்து முகம் ஒருபக்கம் கோணும், முழங்கால் வீங்கும், நெஞ்சு படபடக்கும். முகம் கோணினால் வீட்டில் பக்கவாதம் என்று அலறுவோம், முழங்காலுக்கு வயசாச்சு என்போம். பக்கவாதமா என்று பார்க்க உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான், ஆனால் இந்த ஊருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால்தான் இங்கிருக்கும் டாக்டருக்கு லைம் நினைவுக்கே வரும். எந்த ஊர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உண்ணி கடித்ததா, என்ன மருந்து எத்தனை நாள் சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதி, அங்கே கொடுத்த சீட்டோடு பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே செருகி வையுங்கள். மாமியாருக்கு அந்தத் தாளை வெறுமனே கோடு போட்டு இப்போதே வைத்துவிட்டேன்.